பொண்ணு பூட்டிய கம்ப்யூட்டர்

பொண்ணு ஆர்க்கிடெக்சர் சேர்ந்ததும் டெஸ்க்டாப் வேணும்னு ஒத்தக் கால்ல நின்னா. அதையும் கடைக்காரர் பூட்டித் தரக் கூடாதாம், தானே பூட்டணுமாம். தில்லியில குடியிருந்துக்கிட்டு இதுக்கு வேற எங்க போறது? ஒரு சனிக்கிழமை நேரு பிளேஸ்ல நாலு கடை ஏறி இறங்கி, ரைசன் 5 7600, பி650 மதர்போர்டு, டிடிஆர்5 ராம் ரெண்டு, எஸ்எம்பிஎஸ், கேபினெட் எல்லாத்தையும் மூட்டை கட்டிக்கிட்டு மெட்ரோவுல வந்து சேர்ந்தோம். எங்க வீட்டு வாடகை மாதிரி ரெண்டு மடங்கு காசு. கை தவறி உடைச்சா வாரண்டியில வராதுன்னு கடைக்காரர் ரெண்டு தடவை சொல்லி அனுப்பினார். தங்கமணி முகத்தைப் பார்க்கணுமே!

வாய் மட்டும் என்னது, கை அவளோடதுன்னு ஒப்பந்தம்.

முதல்ல பிராசசர். பழைய ஏஎம்4-ல ஊசியெல்லாம் பிராசசருக்கு அடியில இருக்கும். 2022-ல வந்த ஏஎம்5-ல அத்தனையும் சாக்கெட்டுக்குப் போயிருச்சு, மொத்தம் 1718. தலைமுடி மாதிரி இருக்கும், சட்டை நுனி பட்டாலே வளையும். மூலையில இருக்கிற குட்டி முக்கோணத்தை சாக்கெட்டு முக்கோணத்தோட சேர்த்து சும்மா வைக்கணும், அவ்வளவுதான். அழுத்தவே கூடாது. அதுக்கப்புறம் லீவரை மூடும்போது ஒரு சத்தம் வரும் பாருங்க, வயித்தைக் கலக்கும். மேல இருந்த கருப்பு மூடி தெறிச்சு விழுந்துச்சு. "அப்பா, ஒடஞ்சு போச்சா?" "இல்லடா அம்மு, அது அப்படித்தான் கழண்டு வரும்."

ராம் இதுக்கு நேர் எதிர். பிராசசர்ல இருந்து எண்ணி ரெண்டாவது, நாலாவது காடியில வச்சு, பல்லைக் கடிச்சுக்கிட்டு அழுத்தணும். கிளிக்னு கேக்கலைன்னா உக்காரலைன்னு அர்த்தம். ஒண்ணுல பயந்து பயந்து தொட்டவ அடுத்ததுல முரட்டுத்தனம் காட்டணும். எங்க எதுன்னு படிச்சுத் தெரிஞ்சாலும் விரலுக்குத் தெரிய நேரமாகுது.

ஒயர்ல ரெண்டு விஷயம். பிராசசருக்குப் போற 8 பின் நாலும் நாலுமாப் பிரியும், கிராபிக்ஸ் கார்டுக்குப் போறது ஆறும் ரெண்டுமா. பார்க்க அண்ணன் தம்பி மாதிரி இருந்தாலும் மின்சாரம் போற பக்கம் வேற வேற. இன்னொண்ணு ரொம்ப முக்கியம். ஒரு கேபிள் நீளம் பத்தலைன்னதும் பக்கத்து ஃபிளாட் பையன் தன் பழைய எஸ்எம்பிஎஸ்ஸோட கேபிளை ஆசையாக் கொண்டு வந்தான். வேண்டாம்ப்பான்னு வாங்கி ஓரமா வச்சுட்டேன். கழட்டி மாட்டுற வகை எஸ்எம்பிஎஸ்ல, பெட்டிப் பக்கம் எந்தப் பின்ல எத்தனை வோல்ட்டுன்னு கம்பெனிக்குக் கம்பெனி மாறும். அளவு கச்சிதமாப் பொருந்தும், சுவிட்சைப் போட்டதும் டிஸ்க் கருகும். கேபினெட்டுக்குப் பின்பக்கமாச் சுத்தாம நேரா இழுத்ததும் இருந்த கேபிளே எட்டிருச்சு.

கேபினெட் முகப்புல இருந்து வர்ற பொடி ஒயர்களுக்குத்தான் ஒரு மணி நேரம் போச்சு. எல்இடிக்கு பிளஸ் மைனஸ் பார்க்கணும், பவர் சுவிட்சை எப்படித் திருப்பி மாட்டினாலும் வேலை செய்யும்.

ராத்திரி பத்தரைக்கு ஆன் பண்ணினா விசிறி சுத்துது, திரை கும்மிருட்டு. போர்டுல டிராம்னு எழுதின இடத்துல மஞ்ச விளக்கு. பொண்ணு கண்ணுல தண்ணி முட்டிருச்சு, கை பிளக்குக்குப் போகுது. "தொடாத, இரு"ன்னேன். ஏஎம்5 போர்டு முதல் தடவை டிடிஆர்5 ராமைப் பழக்கிக்கச் சில நிமிஷம் எடுத்துக்கும். நமக்கு அது ஒரு யுகம். திடீர்னு பயாஸ் திரை வந்துச்சு பாருங்க, அவ போட்ட கூச்சல்ல கீழ்வீட்டு ஆன்ட்டி மேல வந்துட்டாங்க :-)

கதை அதோட முடியல. மறுநாள் கேபினெட்டைத் தொட்டா சுருக்குனு கடிக்குது. எஸ்எம்பிஎஸ் பழுதில்ல. மெயின்ஸ் பக்கத்து இரைச்சலை வடிகட்டுற கெபாசிட்டர்கள் உள்ள இருக்கு, அதுல கசியுற துளி மின்சாரம் எர்த் வழியாப் போகணும். எர்த் இல்லைன்னா பெட்டி மேலேயே நிக்கும். மல்ட்டிமீட்டர் வச்சுப் பார்த்தா பேஸுக்கும் நியூட்ரலுக்கும் 230 வோல்ட். பேஸுக்கும் எர்த்துக்கும் அதே வரணும், என்னவோ பாதி காட்டுச்சு. மூணு ஓட்டை பிளக் இருக்கு, மூணாவது ஓட்டைக்குப் பின்னாடி ஒயரே இல்ல! வாடகை வீட்டுக்காரங்க இதை மட்டுமாவது ஒரு தடவை பாத்துருங்க.

"எல்லா வீட்டுலயும் இப்படித்தான்"னார் ஓனர். எனக்கு இந்தி சண்டை போடுற அளவுக்கு இன்னும் வரல. பொண்ணு போனை வாங்கி, அளந்த எண்களைச் சொல்லிப் பத்து நிமிஷம் பேசினா. பாதிச் செலவு அவர், பாதி நாங்க. எலக்ட்ரீஷியன் வந்து மீட்டர் போர்டுல இருந்து புதுசா எர்த் இழுத்துக் கொடுத்தார்.

இப்ப வாஷிங் மெஷினும் கடிக்கிறதில்ல. தங்கமணிக்குக் கம்ப்யூட்டரைவிட அதுலதான் ஏக சந்தோஷம்.