அடைக்கலம் தந்த துறைமுகம்: கொரியாவின் பூசான் நகரம்

கொரியா நாட்டுக்குச் செல்வோருட் பெரும்பாலோர் தலைநகராகிய சியோலைக் கண்டு திரும்பிவிடுகின்றனர். அரண்மனைகளும் அகன்ற வீதிகளும் அங்கே உள்ளன என்பது மெய்யே. ஆயினும், அந்நாட்டு மக்கள் பட்ட துன்பத்தையும், அதனின்றும் அவர்கள் எழுந்த வகையையும் அறிய விரும்புவோர் தெற்கே ஏறத்தாழ 400 கிலோமீற்றர் சென்று பூசான் நகரைக் காண்டல் வேண்டும். 2004 ஆம் ஆண்டிலே தொடங்கப்பெற்ற கடுகதிப் புகையிரதம் இரண்டரை மணி நேர அளவில் நம்மை அங்கே கொண்டு சேர்த்துவிடுகின்றது.

பூசான் கொரியாவின் இரண்டாவது பெருநகரம். முப்பது இலட்சத்துக்கு மேற்பட்டோர் வாழும் துறைமுகம். அப்பெயருக்குக் ‘கொப்பரை மலை’ என்பது பொருள். முன்னே கடல், பின்னே மலை. இவ்விரண்டுக்கும் இடையிலுள்ள ஒடுங்கிய நிலத்தில் இடம் போதாமையால் வீடுகள் மலைச்சரிவுகளில் ஏறி நிற்கின்றன. ஏன் இவ்வாறு ஏறின என்று வினவினால், விடை ஒரு போரின் கதையாக விரிகின்றது.

1950 ஆம் ஆண்டு யூன் 25 ஆம் நாள் வடகொரியப் படை தெற்கே புகுந்தது. மூன்றே நாளிற் சியோல் வீழ்ந்தது. ஓகத்து மாதமளவில் நாட்டின் தென்கிழக்கு மூலையொன்றே தென்கொரிய அரசிடம் எஞ்சியிருந்தது. அம்மூலையின் துறைமுகம் பூசான். 1953 ஆம் ஆண்டு வரையிற் பெரும்பாலான காலம் அதுவே தற்காலிகத் தலைநகராயும் விளங்கிற்று. கால்நடையாகவும், புகையிரதக் கூரைகள் மீதேறியும், கப்பல்களிலும் மக்கள் திரள் திரளாக வந்து அடைக்கலம் புகுந்தனர். இன்று பயணிகள் விரும்பிக் காணும் இடங்களும், சந்தைகளும், உண்ணும் உணவுகளும் பல அக்காலத்தில் உருப்பெற்றவையே.

பாலமும் சந்தைகளும்

யொங்டோ என்னும் தீவை நகரத்தோடு இணைக்கும் பாலம் 1934 இல் திறக்கப்பட்டது. கப்பல் செல்லும்போது ஒரு பகுதி மேலே தூக்கப்படும். நாடெங்கும் பெயர்பெற்ற பாலமாதலின், போர்க்காலத்திற் பிரிந்த குடும்பத்தினர், “உயிரோடிருந்தால் பூசானில் அந்தப் பாலத்தடியிற் சந்திப்போம்” என்று சொல்லிப் பிரிந்தனராம். அவ்வாறே பலர் அங்கு வந்து நாட்கணக்கிற் காத்து நின்றனர். தம்மவர் உயிரோடு உளரோ என்று கேட்க வந்தோரை நம்பிப் பாலத்தின் கீழே சோதிடம் பார்ப்போரின் கடைகள் வரிசையாக முளைத்தன. 1995 ஆம் ஆண்டிலே வலிகாமத்தை விட்டுப் பெயர்ந்த நம் குடும்பங்களுக்கு இக்காட்சியை விரித்துரைக்க வேண்டுவதில்லை. 1966 இல் நிறுத்தப்பட்ட தூக்கும் வழக்கம், பாலம் புதுப்பிக்கப்பட்ட பின் 2013 இல் மீண்டும் தொடங்கியது.

பாலத்துக்கு அண்மையிலே ஜகால்ச்சி மீன்சந்தை இருக்கின்றது. கொரியாவிலே மிகப் பெரிய மீன்சந்தை இதுவென்பர். கணவாய், விலாங்கு, நண்டு, மட்டி முதலியன தொட்டிகளில் உயிரோடு நெளிகின்றன. விற்போருட் பெரும்பாலோர் பெண்கள். ‘ஜகால்ச்சி அஜிமே’ என்று நகரத்தார் இவர்களை உரிமையோடு அழைப்பர். போருக்குப் பின் குடும்பச் சுமையைத் தாங்க இங்கே கூடையோடு வந்தமர்ந்த பெண்கள் பலர். “ஒயிசோ, பொயிசோ, சயிசோ” என்பது பூசான் பேச்சுவழக்கில் இச்சந்தையின் அழைப்பு; “வாருங்கள், பாருங்கள், வாங்குங்கள்” என்பது பொருள். கீழ்த்தளத்தில் வாங்கிய மீனை மேல்தளத்திற் சமைத்துத் தருவர்.

வீதியைக் கடந்தால் குக்ஜே சந்தை. ‘சருவதேசச் சந்தை’ என்பது அதன் பொருள். 1945 இல் யப்பானிய ஆட்சி நீங்கியபின், யப்பானிலிருந்து திரும்பியோர் தம் பொருள்களை விற்றுப் பிழைத்த வெளியிலே இது தோன்றியது. போர்க்காலத்தில் அகதிகளின் வியாபாரத்தாற் பெருகியது. துணி, பாத்திரம், மூக்குக்கண்ணாடி என ஒவ்வொரு பொருளுக்கும் ஒவ்வோர் ஒழுங்கை உண்டு. இச்சந்தையின் பெயரையே தலைப்பாகக் கொண்டு 2014 இல் வெளிவந்த திரைப்படத்தைக் கொரியாவில் ஒரு கோடிக்கு மேற்பட்டோர் பார்த்தனர்.

ஆசிரியத் தொழில் புரியும் நமக்கு இவையனைத்தினும் இனித்தது பொசு-டொங் புத்தக ஒழுங்கையே. வடக்கிலிருந்து அகதிகளாக வந்த கணவனும் மனைவியும், ஒரு வீட்டின் தாழ்வாரத்திலே பெட்டிகளை அடுக்கி, அமெரிக்கப் படைமுகாமிலிருந்து வெளிவந்த பழைய சஞ்சிகைகளை விற்கத் தொடங்கினர். அக்காலத்தில் அயலிலுள்ள மலைச்சரிவுகளிற் கூடாரங்களிலே பள்ளிகள் நடந்தன. அங்கே செல்லும் மாணவரும் ஆசிரியரும் இவ்வழியே நடந்தனர். ஒருவர் படித்து முடித்த பாடப்புத்தகத்தை விற்று, மற்றொருவர் வாங்கிப் படித்தார். பசியோடிருந்த மக்கள் புத்தகத்துக்கும் ஒரு சந்தை வைத்திருந்தனர் என்பதை நம் மாணவர் நினைவிற் கொள்ளல் நன்று. இன்று கடைகள் குறைந்துவிட்டன. ஆயினும், கூரை முட்ட அடுக்கிய நூல்களின் நடுவே முதியவர் சிலர் இன்னும் அமர்ந்திருக்கின்றனர். நாம் எழுத்தறியாத மொழியிலே ஒரு பழைய கணிதப் பாடநூலை வாங்கினோம். கேத்திரகணித உருவங்களை வாசிக்க மொழி எதற்கு?

உணவு

வட கொரியர் விரும்பியுண்பது நெங்மியொன் என்னும் குளிர்ந்த நூலுணவு. அதற்கு வேண்டிய தானியமாகிய பக்வீற்று பூசானிற் கிடைப்பது அரிதாயிற்று. அமெரிக்க உதவியாக வந்த கோதுமை மாவே கிடைத்தது. அம்மாவைக் கொண்டே தம் ஊர் உணவை அவர்கள் ஆக்கினர். அதுவே மில்மியொன்; இன்று பூசானின் தனியுணவாகப் போற்றப்படுகின்றது. பன்றியெலும்பு அவித்த சாற்றிற் சோறிட்டுத் தரும் த்வேஜி குக்பாப்பும் போர்க்கால வறுமையோடு சேர்த்துப் பேசப்படுவதே. மீன் மாவாற் செய்த ஒமுக், சீனியும் விதைகளும் உள்ளே வைத்துப் பொரித்த ஹொட்டொக் ஆகியவற்றைத் தெருவோரத்திலே நின்றபடியே உண்பர்.

நாம் மரக்கறியுணவே கொள்பவராதலின், ஹொட்டொக்கைத் தவிர ஏனையவற்றின் சுவையை உடன்வந்த நண்பர் சொல்லக் கேட்டோம். நம் போன்றோர் அறிய வேண்டுவன சில உள. மரக்கறி வகையாகத் தோன்றும் கிம்ச்சியிலும் பெரும்பாலும் உப்பிட்டு நொதித்த மீன்சாறு கலந்திருக்கும். பிபிம்பாப் என்னும் கறிகலந்த சோற்றை இறைச்சியும் முட்டையுமின்றித் தரும்படி கேட்கலாம். மனமாற உண்ண விரும்பின் விகாரை உணவே தக்கது. மீன் இறைச்சியோடு வெங்காயம் உள்ளியையும் விலக்கி, கீரை, காளான், சோயாக்கட்டி, வேர் வகைகளைக் கொண்டு அவர்கள் சமைப்பது நம் விரதச் சமையலுக்கு உறவுடையது போலத் தோன்றிற்று.

மலைக்குடியிருப்பு

கம்ச்சொன் சிற்றூர் இன்று புகழ்பெற்ற காட்சியிடம். மலையிற் படிப்படியாக அமைந்த சிறு வீடுகள் நீலமும் மஞ்சளும் இளஞ்சிவப்புமாக நிற்கின்றன. 1950 களில் வறியோர் கட்டிய இவ்வீடுகளில் ஒன்றேனும் பின்வீட்டாரின் பார்வையை மறைப்பதில்லை என்று கூறுவர். 2009 இல் ஓவியர்கள் வந்து சுவர்களை அழகுசெய்தபின் கூட்டம் பெருகியது. குட்டி இளவரசன் சிலையருகே படம் எடுப்பதற்கு இளையோர் நீண்ட வரிசையில் நிற்கின்றனர். ஆனால், இது பொருட்காட்சிச்சாலையன்று, மக்கள் வாழுமிடம். சாளரங்களினுள்ளே எட்டிப் பாராதிருத்தலும், குரலைத் தாழ்த்திப் பேசுதலும் பயணியின் கடமை.

அடுத்துள்ள ஆமி-டொங்கில் வண்ணங்கள் குறைவு. யப்பானியர் ஆட்சிக்காலத்தில் அது அவர்களின் இடுகாடு. தங்க வேறிடம் காணாத அகதிகள் கல்லறைகளின் மேலேயே குடிசை கட்டினர். பெயர் பொறித்த கற்கள் படிகளாயின, சுவருக்கு அடித்தளமாயின. இன்றும் சில வீடுகளின் அடியில் அவ்வெழுத்துக்கள் தெரிகின்றன. இங்கே சென்ற எவரும் சிறிது நேரம் பேசாமல் நிற்பர்.

விகாரைகளும் பழங்கதையும்

பொமொசா விகாரை 678 இல் உயிசாங் என்னும் துறவியால் நிறுவப்பட்டது. நகரத்தின் நிலக்கீழ்ப் புகையிரதத்தில் முதலாவது பாதை அதன் அடிவாரத்துக்குக் கொண்டு செல்லும். கடற்பாறைகளின் மேல் அமைந்த ஹேடொங் யொங்குங்சாவை 1376 இல் நிறுவியவர் நாவொங் என்பர். அவருடைய குருவருள் ஒருவராகிய தியானபத்திரர், மகதத்திற் பிறந்து, நாளந்தாவிற் கற்று, இலங்கையிலும் பயின்று கொரியா வரையிற் சென்றவர் என்று அவர் வரலாறு கூறும்.

அயல் நகராகிய கிம்ஹேயிலே ஓர் அரசியின் சமாதி உள்ளது. கி.பி. 48 இல் ‘ஆயுத்த’ நாட்டிலிருந்து கடல்வழியே வந்து சூரோ மன்னனை மணந்தாள் என்று 13 ஆம் நூற்றாண்டு நூலாகிய ‘சம்குக் யூசா’ சொல்கின்றது. அந்நாடு அயோத்தி என்பாரும் தமிழகம் என்பாரும் உளர். இது முடிந்த முடிபன்று. மாணவர் ஐதிகத்தையும் சான்றையும் பிரித்தறிதல் வேண்டும்.

கிழக்கே ஹேவுண்டே கடற்கரையில் நூறு மாடிகளைக் கடந்த கட்டடம் நிற்கின்றது. அருகே 2009 இல் உலகின் மிகப் பெரிய பல்பொருள் அங்காடியெனக் கின்னஸ் நூலில் இடம்பெற்ற சின்செகே உள்ளது. கைநிறையப் பொருள் வாங்க விரும்புவோர் ஒரு பகலை அங்கே செலவிடலாம். இவற்றை முதலிற் காண்பவர் பூசானை மற்றுமொரு செல்வ நகரென்றே எண்ணித் திரும்புவர். ஆதலின், மூன்று நாள் தங்குவோர் முதனாள் பாலத்தையும் சந்தைகளையும், இரண்டாம் நாள் மலைக்குடியிருப்புகளையும் காண்க. மூன்றாம் நாட்காலையில் ஐக்கிய நாடுகள் நினைவு மயானத்துக்குச் செல்க. 1951 இல் அமைந்த அவ்விடத்தில் பல நாடுகளைச் சேர்ந்த ஏறத்தாழ 2,300 பேர் துயில்கின்றனர். பலர் நம் கல்லூரி மாணவரின் வயதினர். அதன்பின் ஹேவுண்டேக்குச் சென்று கடலைப் பார்த்தால், அக்கரையில் ஓடியாடும் குழந்தைகளின் ஆரவாரம் எத்துணை விலைகொடுத்துப் பெற்றது என்பது விளங்கும்.