மீண்டும் கொல்லிமலைப் பாதையில்

கொல்லிமலை என்றதும் தமிழ்த்துறை நண்பர்களுக்கு ஓரி நினைவுக்கு வருவான். யானை, புலி, மான், பன்றி, உடும்பு ஆகிய ஐந்தையும் ஒரே அம்பால் வீழ்த்திய அவன் வில்லாற்றலை வன்பரணர் புறநானூற்றில் பாடியிருக்கிறார். எனக்கோ பிரேக் கட்டைதான் நினைவுக்கு வரும். சிரிக்க வேண்டாம், காரணம் இருக்கிறது.

1997. சேலத்திலிருந்து பிரிந்து நாமக்கல் தனி மாவட்டமாகிய ஆண்டு. நானும் என் வகுப்புத் தோழனும் சேந்தமங்கலத்தில் வாடகைச் சைக்கிள் எடுத்து, காளப்பநாயக்கன்பட்டி வழியாகக் காரவள்ளி அடிவாரம் சென்று, அங்கிருந்து மலையேறுவோம். கொண்டை ஊசி வளைவுகள் மொத்தம் 70. வண்டிகளோ கியர் என்பதையே அறியாதவை. பாதித் தூரம் மிதிப்போம். மீதித் தூரம் தள்ளுவோம். சோளக்காட்டில் ஆளுக்கு இரண்டு வாழைப்பழம் தின்றுவிட்டுத் திரும்புவோம். உண்மையைச் சொன்னால், நாங்கள் ஏறியதே இறங்குவதற்காகத்தான்! காதில் காற்று இரைய, மரவள்ளிக் காடுகளும் தென்னந்தோப்புகளும் வளைவுக்கு வளைவு பெரிதாகிக்கொண்டே வரும் அந்த இன்பம் வேறெதிலும் இல்லை.

அன்று ஆடிச் சாரல். கடையில் இரண்டு வண்டிகளே மிஞ்சியிருந்தன. ஒன்றின் பிரேக் கட்டைகள் தேய்ந்து இரும்பு தெரிந்ததை நான் பார்த்தேன். பார்த்தும் வாய் திறக்காமல் மற்றதை எடுத்துக்கொண்டேன். இரும்பு ரிம் நனைந்தால் நல்ல ரப்பரே வழுக்கும். தேய்ந்த கட்டைக்குக் கேட்கவா வேண்டும்? இறங்கும்போது 38ஆம் வளைவில் என் தோழன் தடுப்புச் சுவரில் மோதினான். வலது கால் முறிந்தது. அவ்வழியே வந்த ஜீப்பில் ஏற்றிக் கீழே கொண்டுவந்தோம். அவனுக்கு ஓராண்டுப் படிப்பு வீணாயிற்று. நான் அதன்பின் அந்த மலைப்பக்கமே போகவில்லை. தேர்வு, வேலை, குடும்பம் என்று ஊராருக்குச் சொல்லக் காரணங்களுக்கா பஞ்சம்?

சென்ற தை மாதம் என் மகனின் கியர் சைக்கிளை எடுத்துக்கொண்டு புறப்பட்டேன். தோழன் இப்போது நாமக்கல்லில் லாரிக்குக் கூண்டு கட்டும் பட்டறை வைத்திருக்கிறான். சற்றே சாய்ந்து நடப்பான். "நீ மிதி, நான் மொபெட்டில் பின்னால் வருகிறேன்" என்றான்.

வளைவுதோறும் எண் எழுதிய பலகை. வெளியூர் இளைஞர்கள் மோட்டார் சைக்கிளில் சீறிக்கொண்டு கடந்தார்கள். திரும்பிப் பார்த்தால் சமவெளியில் கோழிப்பண்ணைகளின் நீண்ட கூரைகள் வெயிலில் மின்னின. இருபதாவது வளைவு வரை இளமை திரும்பிவிட்டது என்றே நினைத்தேன். முப்பதில் அந்த நினைப்பு போய்விட்டது.

38இல் இறங்கிச் சுவரோரம் உட்கார்ந்தேன். மூச்சுத் திரும்பியதும், இத்தனை ஆண்டுகள் மனத்தில் மூடி வைத்திருந்ததைச் சொன்னேன். அவன் என்னை விசித்திரமாகப் பார்த்தான்.

"என்னடா உளறுகிறாய்? கடைக்குள் முதலில் போனது நான். மணி நன்றாக அடிக்கிறது என்று அந்த வண்டியை நானேதான் எடுத்தேன்."

"இல்லை. நான் பார்த்தேன்."

"நீ வெளியே கடலை வாங்கிக்கொண்டிருந்தாய்!"

எனக்குக் கடலை நினைவில் இல்லை. அவனுக்குக் கட்டை நினைவில் இல்லை. எனக்காக ஒரு பொய்யைச் சொல்லுகிறானோ என்று அவன் முகத்தைப் பார்த்தேன், ஒன்றும் தெரியவில்லை. கடைக்காரரைக் கேட்கலாமென்றால் அந்தக் கடையே இப்போது இல்லை.

49ஆம் வளைவிலிருந்து தள்ளிக்கொண்டுதான் போனேன். சோளக்காட்டில் வழக்கம்போல் ஆளுக்கு இரண்டு பழம். இறங்கப் புறப்பட்டபோது தோழன் என் வண்டியை மறித்து நிறுத்தினான். காலை நீட்டிச் சிரமப்பட்டுக் குனிந்து, முன் பிரேக்கையும் பின் பிரேக்கையும் இரண்டிரண்டு முறை அழுத்திப் பார்த்தான். கட்டையை நகத்தால் தடவினான்.

"போ. இது தாங்கும்" என்றான்.