மாமல்லபுரத்தில் ஒரு சிறு காமிரா

மாமல்லபுரத்தைப் பற்றித் தமிழில் எழுதப்பட்டிருப்பவை கொஞ்சமல்ல. பல்லவரின் பெருமையை விரித்துரைத்தவர்களும், கடற்கரைக் கோயிலின் எழிலில் மெய்ம்மறந்தவர்களும் ஏராளம். அவர்கள் சொன்னதையே நாமும் திருப்பிச் சொல்லி நேயர்களின் பொறுமையைச் சோதிக்கப் போவதில்லை. இவ்வாண்டு தை மாதத்தில் நாம் அங்கே போன காரியம் மிகச் சிறியது. ஒரு போட்டோ எடுக்க வேண்டும், அவ்வளவுதான். ஆனால் அந்த ஒரு போட்டோவுக்காக நாம் பல ஆண்டுகள் காத்திருந்தோம் என்பதையும் சொல்லிவிட வேண்டும்.

2011-ஆம் ஆண்டில் நம் தாய் தந்தையருடன் அவ்வூருக்குப் போயிருந்தோம். சட்டைப் பையில் அடங்கும் டிஜிடல் காமிரா ஒன்று அப்பொழுது புதிதாக வாங்கியிருந்தோம். அர்ச்சுனன் தபசு என்று வழங்கும் பெரும் பாறைக்கு முன்னால் தந்தையாரை ஒரு பக்கமாக நிற்க வைத்தோம். முகம் பெரிதாகத் தெரிய வேண்டுமென்று லென்ஸை முழுவதும் நீட்டினோம். பித்தானை அழுத்தினோம். யந்திரம் "கீச்" என்று ஒலி செய்து, எல்லாம் சரி என்று பச்சை விளக்கும் காட்டிற்று. வீட்டுக்கு வந்து பெரிதாக்கிப் பார்த்தபோதுதான் உண்மை விளங்கியது. பாறையிலுள்ள யானையின் தந்தமும், அதன் காலடியில் நிற்கும் குட்டிகளும் உளியின் தடம் தெரியும்படி விழுந்திருந்தன. தந்தையாரின் முகம் மட்டும் பனிக்குள் நிற்பவர் முகம் போல் மங்கியிருந்தது.

"அதனால் என்ன? இன்னொரு முறை போனால் போகிறது" என்றார் தந்தையார். அந்த இன்னொரு முறை வாய்க்கவில்லை. மூன்று ஆண்டுகளுக்குப் பின் அவர் காலமானார்.

"யானையின் தந்தம் வரைக்கும் தெரிகிறது, அவர் முகந்தான் தெரியவில்லை" என்று அம்மா ஒரு முறை சொன்னாள். குற்றமாகச் சொல்லவில்லை. இருந்தாலும் அந்தச் சொல் நம் உள்ளத்தில் தைத்தது. இவ்வாண்டு அம்மாவே, "ஒரு தடவை அந்தப் பாறையைப் பார்த்துவிட்டு வரலாமே" என்று கேட்டபோது, அலமாரியில் உறங்கிய அதே காமிராவைத் தூசி தட்டி எடுத்தோம்.

சென்னையிலிருந்து தெற்கே சுமார் 60 கிலோமீட்டர். இருள் பிரியும் முன்பே புறப்பட்டு, கடற்கரைச் சாலை வழியாகப் பொழுது விடியும் வேளையில் ஊர் சேர்ந்தோம். அர்ச்சுனன் தபசு கிழக்கு நோக்கிய பாறை. ஆகையால் காலை வெயில்தான் அதற்கு உகந்தது. வெயில் சற்றே ஏறும் வரையில் கடற்கரைக் கோயிலில் காத்திருக்கத் தீர்மானித்தோம்.

ராஜசிம்மன் என்று புகழ் பெற்ற இரண்டாம் நரசிம்மவர்ம பல்லவன் எட்டாம் நூற்றாண்டின் தொடக்கத்தில் எழுப்பிய கோயில் அது. 1984-ஆம் ஆண்டில் இவ்வூர்ச் சின்னங்கள் யுனெஸ்கோவின் உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. மதிற்சுவரின் மேல் நந்திகள் வரிசையாகப் படுத்திருக்கின்றன. ஆயிரத்து முந்நூறு ஆண்டுகளாக உப்புக் காற்று அரித்து, அவற்றின் மூக்கும் காதும் மழுங்கியிருக்கின்றன. அம்மா ஒரு நிழலில் அமர்ந்து கடலைப் பார்த்துக்கொண்டிருந்தாள். நாம் நந்திகளிடம் பாடம் கேட்கலானோம்.

முதலில் லென்ஸை நீட்டாமல், ஒரு நந்தியினின்று இரண்டு மீட்டர் தள்ளி நின்று படம் எடுத்தோம். அந்த நந்தியும் தெளிவு, அதற்கு அடுத்ததும் தெளிவு, அப்பால் விமானமும் தெளிவு, அடிவானமும் தெளிவு! இது என்ன விந்தை?

விந்தை ஒன்றுமில்லை. ஊசியில் நூல் கோக்கும் பாட்டி கண்ணைச் சுருக்கிக்கொள்வதை நேயர்கள் பார்த்திருப்பார்கள். ஒளி புகும் வழி குறுகினால், மங்கலாகத் தெரிவதும் ஓரளவு தெளிவாகத் தெரியும். காமிராவிலும் அதே நியாயந்தான். பழைய 35 மில்லிமீட்டர் பிலிமில் படம் விழும் இடம் 36 மில்லிமீட்டர் நீளமும் 24 மில்லிமீட்டர் அகலமும் உள்ளது. நம் சிறு காமிராவில் பிலிமுக்குப் பதிலாக இருக்கும் சில்லு 7.6 மில்லிமீட்டர் நீளமும் 5.7 மில்லிமீட்டர் அகலமுமே கொண்டது. பரப்பில் இருபதில் ஒரு பங்கு. பிலிம் காமிராவில் 28 மில்லிமீட்டர் லென்ஸ் காட்டும் காட்சியை இதில் 6.1 மில்லிமீட்டர் லென்ஸே காட்டிவிடும். துவார எண் இரண்டிலும் 2.8 என்று வைத்தால், பிலிம் காமிராவில் ஒளி புகும் வழி 10 மில்லிமீட்டர் அகலம் இருக்கும். இதிலோ இரண்டு மில்லிமீட்டருக்குச் சற்று மேல். ஒரு கடுகின் அளவு!

ஆகவே, இரண்டு மீட்டருக்குப் போகஸ் செய்தால் பிலிம் காமிராவில் சுமார் ஒன்றே முக்கால் மீட்டர் முதல் இரண்டரை மீட்டர் வரையில்தான் எல்லாம் தெளிவாக விழும். நம் சிறு காமிராவில் ஒரு மீட்டர் முதல் ஏறக்குறைய கண்ணுக்கெட்டும் தூரம் வரையில் தெளிவு நீளும். இந்தத் தெளிவின் நீளத்தைத்தான் போட்டோ சாஸ்திரம் கற்றவர்கள் "புல ஆழம்" என்கிறார்கள்.

அப்படியானால் தந்தையாரின் முகம் ஏன் மங்கிற்று? இரண்டாவது நந்திப் படம் அதற்கு விடை சொல்லிற்று. லென்ஸை முழுவதும் நீட்டி, ஒன்றரை மீட்டர் தூரத்திலிருந்து நந்தியின் முகத்தை மட்டும் திரையில் நிரப்பினோம். நீட்டிய லென்ஸின் நீளம் 30.5 மில்லிமீட்டர். ஒளி புகும் வழி கடுகளவு நீங்கிப் பட்டாணியளவாகிவிட்டது. தெளிவின் ஆழமோ ஒரு சாணுக்கும் குறைவாகச் சுருங்கிற்று. மூக்கு தெளிந்தால் திமில் மங்குகிறது. இந்நிலையில் எதற்குப் போகஸ் செய்வது என்பதை யந்திரத்திடம் விட்டால், அது திரையின் நடுவில் எது கோடும் நிழலுமாக எடுப்பாகத் தெரிகிறதோ அதைப் பற்றிக்கொள்கிறது. இரண்டு முறை அது முதல் நந்தியை விட்டுப் பின்னாலிருந்த நந்திக்குத் தாவியது. அன்றும் அப்படித்தான் நடந்திருக்கிறது. நடுவில் யானை, ஓரத்தில் தந்தையார். லென்ஸை நீட்டியதும் நாம். எதைப் பார்க்க வேண்டும் என்று யந்திரத்துக்குச் சொல்லாமல் விட்டதும் நாம். பழி யந்திரத்தின் மேல் இல்லை.

பின்பு "எம்.எப்." என்று பொறித்த பித்தானை அழுத்தினோம். கையால் போகஸ் செய்வதற்கு உரியது அது. திரையின் ஓரத்தில் மீட்டர் கணக்குக் காட்டும் கோடு ஒன்று தோன்றிற்று, நடுப்பகுதி பெரிதாயிற்று. சக்கரத்தை மெல்லத் திருப்பினால், உப்பரித்த கல்லின் துளைகள் ஒவ்வொன்றாகத் தெளிந்து வருகின்றன. இன்னும் திருப்பினால் மறைகின்றன. எங்கே நிறுத்துவது என்பது நம் கையில். துவாரத்தை மிகவும் சுருக்கி எண்ணை 8-க்குக் கொண்டுபோனால் இன்னும் நன்றாயிருக்குமோ என்றும் பார்த்தோம். பயனில்லை. அத்தனை சிறிய வழியில் ஒளி ஓரங்களில் வளைந்து பரவுவதால் படம் முழுவதுமே சற்றுக் குழைந்து போகிறது. 4 என்ற எண்ணே போதும் என்று கண்டோம்.

பாடம் முடிந்தது. பாறைக்கு நடந்தோம்.

காலை வெயில் அர்ச்சுனன் தபசின் மேல் பொன்னாக விழுந்திருந்தது. தவம் செய்பவன் அர்ச்சுனனா, கங்கையை வரவழைத்த பகீரதனா என்று அறிஞர்கள் வாதிட்டுக்கொண்டிருக்க, ஒற்றைக் காலில் நிற்கும் அம்முனிவனைப் பார்த்து, பூனையொன்றும் பின்னங்காலில் நின்று தவம் செய்துகொண்டேயிருக்கிறது. அம்மா முன்பு தந்தையார் நின்ற இடத்தைத் தேடிச் சென்று, அதற்கு ஓரடி தள்ளி நின்றாள்.

இந்தத் தடவை லென்ஸை நீட்டவில்லை. நாமே அருகில் போனோம். இரண்டு மீட்டர் தூரம் என்று கையால் போகஸ் வைத்தோம். துவார எண் 4. அம்மாவும் தெளிவு, பாறையும் தெளிவு என்பது கணக்கிலேயே உறுதியாகிவிட்டது. அதற்கப்புறம் காமிராவைக் கவனிக்க வேண்டிய வேலையே நமக்கு இல்லை. பச்சை விளக்குக்காகக் காத்திருக்கவும் வேண்டாம். நிமிர்ந்து அம்மாவின் முகத்தைப் பார்த்தோம். கையால் போகஸ் செய்வதன் பெரிய லாபம் இதுதான் என்று அப்பொழுது தோன்றிற்று. தூரத்தை முன்கூட்டியே தீர்த்துக்கொண்டவனுக்கு மனிதர்களைப் பார்க்க அவகாசம் கிடைக்கிறது.

அம்மா பூனையைச் சுட்டிக் காட்டி, "அன்றைக்கு உன் அப்பா இதைப் பார்த்துத்தான் சிரித்தார்" என்றாள். சொல்லும்போதே அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. அந்தக் கணத்தில் பித்தானை அழுத்தினோம்.

நேயர்களில் பலருடைய வீட்டு அலமாரியிலும் இத்தகைய சிறு காமிரா ஒன்று உறங்கிக்கொண்டிருக்கலாம். இன்று எல்லார் கையிலும் இருக்கும் போனிலுள்ள லென்ஸும் இதே சிறிய ஜாதிதான். வேண்டியவரைப் படமெடுக்கும்போது எட்ட நின்று லென்ஸை நீட்டாமல், கிட்டப் போய் நில்லுங்கள். எது தெளிவாக விழ வேண்டும் என்பதை நீங்களே தீர்மானியுங்கள்.

வீடு திரும்பியதும் புதிய படத்தைப் பெரிதாக்கிக் காட்டினோம். அம்மா நெடுநேரம் பார்த்தாள். "நன்றாக இருக்கிறது. அந்தப் பழைய படத்தையும் எடுத்து வா. இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் மாட்டிவிடு" என்றாள்.

"அதில் முகமே தெரியவில்லையே, அம்மா?" என்றோம்.

"உனக்குத்தான் தெரியவில்லை" என்றாள் அம்மா.

இரண்டு படங்களும் இப்பொழுது நம் வீட்டுக் கூடத்தில் தொங்குகின்றன.