விளையாட்டு காட்டிய வழி

(மூன்றாம் ஆண்டு, இளங்கலை வரலாறு)

"விளையாட்டு வினையாகும்" என்பார்கள் பெரியவர்கள். கணிப்பொறியின் முன் அமர்ந்து இரவைப் பகலாக்கிய என்னைக் கண்டு அம்மா இப்பழமொழியைச் சொல்லாத நாளில்லை. ஆயினும் அதே விளையாட்டு எனக்கு ஒரு பாடத்தையும் கற்றுத் தந்தது. அதனை நம் கல்லூரி மலரின் வாயிலாக மாணவ நண்பர்களோடும் பேராசிரியப் பெருமக்களோடும் பகிர்ந்துகொள்ள விழைகிறேன்.

என் ஊர் தங்கச்சிமடம். பாம்பனுக்கும் இராமேசுவரத்துக்கும் இடையில் இருப்பது. வடக்கே பாக் விரிகுடா. தெற்கே மன்னார் வளைகுடா. முன்னதைப் பெண்கடல் என்றும் பின்னதை ஆண்கடல் என்றும் எங்கள் மக்கள் அழைப்பர். மீனுக்கும் மல்லிகை நாற்றுக்கும் பெயர் பெற்ற ஊர். அப்பா நாட்டுப்படகில் தொழில் செய்பவர். தாத்தாவும் அதே தொழிலில் முதுமை எய்தியவர். பாய் கட்டி ஓடிய காலத்து மனிதர்.

சென்னையில் பணிபுரியும் பெரியப்பா மகன் தம் பழைய கணிப்பொறியை எனக்குக் கொடுத்திருந்தார். விடுமுறைக்கு வரும்போது தம்முடைய புதிய கணிப்பொறியையும் எடுத்து வருவார். ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை மீன்பிடித் தடைக்காலம் அல்லவா? விசைப்படகுகள் நங்கூரமிட்டுக் கிடக்கும். அந்நாட்களில் விசைப்படகுக்குப் போகும் நண்பர்களும் எங்கள் வீட்டுத் திண்ணையில் கூடிவிடுவார்கள்.

நாங்கள் விரும்பி ஆடியவை 'பரந்த உலக விளையாட்டுகள்' எனத்தக்கவை. ஒரு கற்பனை நாடு முழுவதையும் நம் முன் விரித்து வைத்து, "எங்கு வேண்டுமானாலும் போ" என்று விட்டுவிடுவார்கள். மலை, காடு, கோட்டை, குகை எல்லாம் உண்டு. இத்தகைய விளையாட்டை எடைபோட மூன்று படிக்கற்கள் போதும் என்பது என் கருத்து. வழி தேடுவது எப்படி? இடர் எத்தகையது? அந்நாட்டின் பழங்கதை நம்மை எவ்வாறு வந்தடைகிறது?

தேடல்

2011-இல் அமெரிக்காவின் பெதஸ்டா நிறுவனம் வெளியிட்ட 'ஸ்கைரிம்' பனிமலைகள் சூழ்ந்த நாடு. திரையின் மேற்புறத்தில் திசைகாட்டி ஒன்று இருக்கும். போக வேண்டிய இடத்தை அதில் ஓர் அம்புக்குறி காட்டிக்கொண்டே வரும். அம்பைப் பார்த்து நடந்தால் போதும். ஒருமுறை போன ஊருக்கு மறுமுறை நடக்கவும் வேண்டியதில்லை. வரைபடத்தில் தொட்டால் அங்கே நிற்போம்.

அதே நிறுவனம் 2002-இல் வெளியிட்ட 'மாரோவிண்ட்' இதற்கு நேர்மாறு. அங்கே அம்புக்குறி கிடையாது. எதிர்ப்படுவோரிடம் வழி கேட்க வேண்டும். பாலத்தைத் தாண்டு, பாறை தெரியும் இடத்தில் இடப்பக்கம் திரும்பு என்ற பாங்கில் சொல்வார்கள். அது நாட்குறிப்பில் பதிந்திருக்கும். சிலவேளை வழி சொன்னவரே தவறாகச் சொல்லியிருப்பார். அலைந்து திரிந்து ஒரு குகையைக் கண்டுபிடித்த பிறகு அந்தப் பாதை மறக்கவே மறக்காது. ஸ்கைரிமில் நூறு குகைகளுக்குப் போன எனக்கு, இன்று கண்ணை மூடிக்கொண்டு வழி சொல்லத் தெரிந்தவை ஐந்தாறு தேறா.

போலந்து எழுத்தாளர் ஆந்திரேய் சப்கோவ்ஸ்கியின் கதைகளை அடியொற்றி 2015-இல் வந்த 'விட்சர் 3' விளையாட்டில் ஸ்கெல்லிகே என்னும் தீவுக்கூட்டம் உண்டு. தீவுக்காரன் ஆகையால் எனக்கு அதில் தனி ஈடுபாடு. அங்கே கடலெங்கும் கேள்விக்குறிகள் மிதக்கும். படகில் போய்ப் புதையலை எடுக்க வேண்டும். ஒருநாள் அப்பா என் பின்னால் நின்று சற்று நேரம் பார்த்தார். காற்று எத்திசையில் அடித்தாலும் படகு நேரே பாய்வதைக் கண்டு, "இந்தக் கடலுக்கு நீவாடே கிடையாதாடா?" என்று கேட்டார். நீவாடு என்றால் நீரோட்டம். பெருங்கலைஞர்கள் பல ஆண்டு உழைத்துச் செய்த கடலின் குறையை அவர் ஒரே கேள்வியில் சொல்லிவிட்டார்!

இடர்

ஸ்கைரிமில் இடரின் அளவை நாமே கூட்டலாம், குறைக்கலாம். பகைவர் பலரும் நம் வலிமைக்கேற்ப வளர்வர். 2022-இல் ஜப்பானின் ஃபிரம்சாஃப்ட்வேர் நிறுவனம் வெளியிட்ட 'எல்டன் ரிங்' அவ்வாறு இரக்கம் காட்டுவதில்லை. எளிது, கடிது என்ற தேர்வே அங்கு இல்லை. வெளியுலகில் கால் வைத்ததும் பொற்கவசம் பூண்ட குதிரைவீரன் ஒருவன் எதிர்ப்படுவான். அவனிடம் நான் இருபதுக்கும் மேற்பட்ட முறை மாண்டேன். மாண்டால் அதுவரை சேர்த்த செல்வம் செத்த இடத்திலேயே கிடக்கும். திரும்பிப் போய் எடுக்கலாம். போகும் வழியில் மீண்டும் மாண்டால் அதுவும் போயிற்று.

இதைத் தாத்தாவிடம் ஒருநாள் சிரித்துக்கொண்டே சொன்னேன். அவர் சிரிக்கவில்லை. "காத்து சரியில்லைன்னா திரும்பிடணும் தம்பி. கடல் எங்கயும் போயிடாது" என்றார். மறுநாள் அந்தக் குதிரைவீரனை விட்டுவிட்டு வேறு திசையில் போனேன். சிறிய இடர்களை வென்று வலிமை பெற்றுப் பல நாள் கழித்து வந்தேன், வென்றேன். அவனைத் தவிர்த்துச் செல்ல வழி முதலிலேயே திறந்துதான் இருந்தது. முட்டி மோதுவதே வீரம் என்று எண்ணியது என் பிழை.

பழங்கதை

ஸ்கைரிமில் கதை நூல்களாக இருக்கிறது. வீடுதோறும், குகைதோறும் எடுத்துப் படிக்கத்தக்க நூற்றுக்கணக்கான ஏடுகள் கிடக்கும். விட்சரில் மனிதர்கள் வாய்வழியாகக் கதை வருகிறது. வேலென் என்னும் சதுப்பு நாட்டுப் பிரபு ஒருவன் தன் குடும்பம் சிதைந்த கதையைச் சொல்லும் பகுதி கல் மனத்தையும் கரைக்கும். எல்டன் ரிங்கிலோ கதை துண்டு துண்டாகச் சிதறிக் கிடக்கிறது. ஒரு வாளின் குறிப்பில் இரண்டு வரி, ஒரு மோதிரத்தில் மூன்று வரி. பின்னணிப் புராணத்தை அமெரிக்க நாவலாசிரியர் ஜார்ஜ் ஆர். ஆர். மார்ட்டின் வகுத்துத் தந்தார். ஆயினும் அதை உடைத்துத் தூவியவர் இயக்குநர் ஹிடேடாகா மியாசாகி. சிறுவயதில் தமக்கு முழுதும் விளங்காத நூல்களைப் படித்து, விளங்காத இடங்களைக் கற்பனையால் நிரப்பிக்கொண்டதாக அவர் கூறியிருக்கிறார். அந்தப் பழக்கமே இவ்விளையாட்டில் முறையாயிற்று.

இதைப் பற்றி எண்ணியபோதுதான் என் ஊரும் இப்படித் துண்டு துண்டாகக் கிடப்பது உறைத்தது. எங்களுக்கு அடுத்த ஊர் அக்காள்மடம். அக்காளும் தங்கையும் சேது யாத்திரை வருவோருக்கு மடம் கட்டினார்கள் என்பர் சிலர். அவர்கள் சேதுபதி மன்னரின் மக்கள், கணவன் கொல்லப்பட்டபின் தீப்புகுந்தவர்கள் என்பர் வேறு சிலர். எங்கள் கரையில் வில்லூண்டி தீர்த்தம் இருக்கிறது. உப்புக்கடலின் நடுவே நன்னீர் ஊற்று. சீதையின் தாகம் தீர்க்க இராமன் வில்லை ஊன்றிய இடம் என்பது கதை. கிழக்கே தனுஷ்கோடி, 1964 டிசம்பர் புயல் ஒரே இரவில் தின்றுவிட்ட ஊர். இன்றும் தேவாலயத்தின் சுவர்கள் மணலில் நிற்கின்றன. கற்பனை நாட்டுக் கல்லறைகளில் எழுதியிருப்பதையெல்லாம் மனப்பாடம் செய்த நான், இவற்றைப் பற்றி ஒருவரிடமும் வாய் திறந்து கேட்டதில்லை!

நிற்க. பாடம் வந்த இரவைச் சொல்ல வேண்டும்.

கடந்த ஆண்டு புரட்டாசி விடுமுறையில் அப்பாவோடு கடலுக்குப் போனேன். எங்களோடு அப்பாவின் பங்காளி ஒருவரும் வந்தார். வலையை விட்டுக் காத்திருந்தபோது வானம் மூடிக்கொண்டு மழை பிடித்தது. ஜி.பி.எஸ். கருவிக்குள் நீர் புகுந்து அது அணைந்துபோயிற்று. என் கைபேசியோ பாட்டுக் கேட்டே உயிர் இழந்து கிடந்தது. அப்பாவுடையது பேசுவதற்கு மட்டுமே உதவும் பழைய கைபேசி, அதுவும் எட்டவில்லை. கரையின் விளக்கு ஒன்றும் தெரியவில்லை. நீவாடு எங்களை எந்தப் பக்கம் இழுக்கிறது என்பதும் தெரியவில்லை.

1974-ஆம் ஆண்டு உடன்படிக்கை பாக் கடலில் ஓர் எல்லைக்கோட்டை வகுத்தது. வரலாற்று மாணவனாகிய எனக்கு அது தேர்வில் எழுதும் விடை. அன்றிரவு அது உயிரச்சமாக இருந்தது. தண்ணீரில் கோடு தெரியுமா? தவறிப் போனால் படகும் போகும், ஆளும் சிறைக்குப் போவார். அப்பா பல ஆண்டுகளாகக் கருவியின் எண்களைப் பார்த்தே ஓடியவர். அவர் முகத்தில் தயக்கத்தை அன்றுதான் முதன்முதலாகக் கண்டேன். ஸ்கைரிமின் அம்புக்குறி திடீரென்று மறைந்தாற்போல் இருந்தது எங்கள் நிலை.

சற்றுநேரம் கழித்து அப்பா ஒரு கல்லைக் கயிற்றில் கட்டி இறக்கினார். ஆழம் ஆறு பாகம். கல்லில் ஒட்டிவந்த சேற்றை விரலால் தேய்த்துப் பார்த்தார். "உன் தாத்தா சேத்தை மோந்து பாத்தே எடம் சொல்லுவாரு. எனக்கு அது வராது" என்றார். பிறகு நங்கூரத்தைப் போட்டார். "விடியட்டும். திரும்புற நேரம் தெரியாட்டி நிக்கணும், அவ்வளவுதான்." நாங்கள் நனைந்தபடி உட்கார்ந்திருந்தோம். விடியுமுன் மேகம் சற்று விலகியது. இராமேசுவரம் தொலைக்காட்சிக் கோபுரத்தின் செவ்விளக்கு தெற்கே தெரிந்தது. ஏறத்தாழ 323 மீட்டர் உயரமுள்ள அக்கோபுரத்தைச் சுற்றுலாப் பயணிகள் படம் பிடிப்பதைக் கேலி செய்தவன் நான். அன்று அதனைக் கையெடுத்துக் கும்பிட்டேன்.

மறுநாள் ஒரு குறிப்பேட்டோடு தாத்தாவின் கட்டிலருகே உட்கார்ந்தேன். கருவி இல்லாத காலத்தில் மீன் கூடும் பார்களை எப்படிக் கண்டுபிடித்தீர்கள் என்று கேட்டேன். கரையில் இரண்டு அடையாளங்கள் ஒன்றன்பின் ஒன்றாக நேராகும்படி படகை ஓட்டினால் அது ஒரு கோடு. வேறு பக்கத்தில் இன்னும் இரண்டு அடையாளங்கள் நேரானால் மற்றொரு கோடு. இரண்டும் வெட்டும் இடம்தான் பார். கோயில் கோபுரம், கந்தமாதன மேடு, பாம்பன் கலங்கரை விளக்கம், இன்னார் தோப்பின் ஒற்றைப்பனை: இவைதாம் அவருடைய வரைபடம். அந்த ஒற்றைப்பனை விழுந்து எத்தனையோ ஆண்டுகள் ஆகிவிட்டன!

பதினொரு இடங்கள் சொன்னார். பிறகு நிறுத்திவிட்டார். "இங்க படுத்துக்கிட்டு நெனச்சா வரமாட்டேங்குது. அங்க போனா வாயில வந்துரும்" என்றார். மறதி என்று முதலில் எண்ணினேன். பின்னர் விளங்கிற்று. மாரோவிண்டில் நடந்து தேடிய பாதை ஏன் எனக்கு மறக்கவில்லையோ, அதே காரணம்தான். தேடலும் இடரும் பழங்கதையும் நான் பிரித்து எடைபோட்டதுபோல் மூன்று தனிப் பொருள்கள் அல்ல. அலைந்து, அஞ்சி, தப்பி வந்த இடத்தில்தான் கதை ஒட்டிக்கொள்கிறது. கதையை மட்டும் கட்டிலில் வைத்துப் பிடுங்க முடியாது.

பங்குனியில் கடல் கண்ணாடியாக இருந்த ஒரு ஞாயிற்றுக்கிழமை, அப்பாவும் நானும் தாத்தாவைத் தூக்கிப் படகில் உட்காரவைத்தோம். வலை எடுக்கவில்லை. அவருக்குக் கண்ணில் புரை, கரை தெரியாது. ஆகவே, "கோபுரம் இப்ப எந்தத் தோப்புக்கு மேல நிக்குது?" என்று அவர் கேட்பார்; நான் பார்த்துச் சொல்வேன். "இன்னும் கொஞ்சம் வாடைப்பக்கம் போ" என்பார். ஓரிடத்தில் நிறுத்தச் சொல்லி, "இதுதான் பார்" என்றார். கல்லை இறக்கினோம்; பாறையில் தட்டிற்று. அப்பா ஒன்றும் பேசவில்லை. இயந்திரத்தை அணைத்துவிட்டு நின்றார்.

அன்று மட்டும் எட்டு இடங்கள். இப்போது என் குறிப்பேட்டில் பத்தொன்பது இருக்கின்றன. விழுந்த பனைக்குப் பதிலாகத் தொலைக்காட்சிக் கோபுரத்தையும், வேறு புதிய அடையாளங்களையும் சேர்த்து எழுதி வருகிறேன். எழுபது எண்பது இருக்கும் என்கிறார் தாத்தா. அடுத்த பங்குனி வரை அவர் உடல் தாங்க வேண்டும் என்பதே என் வேண்டுதல்.

விளையாட்டை நான் விட்டுவிடவில்லை, நண்பர்களே! வழி கேட்கவும், கேட்ட துண்டுகளைக் கோக்கவும், திரும்ப வேண்டிய நேரத்தில் திரும்பவும் அதுவே எனக்குச் சொல்லித் தந்தது. உங்கள் வீட்டுத் திண்ணையிலும் உழவோ, தறியோ, கடலோ அறிந்த முதியவர் ஒருவர் இருப்பார். அவரிடம் வழி கேளுங்கள். கேட்பதோடு நில்லாமல், கைப்பிடித்து அந்த இடத்துக்கே அழைத்துப் போங்கள்.