காட்டுக்குள் வான்கோ

நுழைவாயிலில் டிக்கெட் வாங்கியதும் வரிசையாக நிற்கும் வெள்ளை சைக்கிள்களில் ஒன்றை எடுத்துக்கொள்ளலாம். வாடகை கிடையாது. பூட்டும் கிடையாது. நெதர்லாந்தில் ஓட்டர்லோ கிராமத்தையொட்டி 5,000 ஹெக்டேருக்கு மேல் விரிந்து கிடக்கிறது ஹோகே வெலுவ தேசியப் பூங்கா. உள்ளே மரங்களுக்கிடையே சிறிது தூரம் மிதித்தால் தாழ்வான செங்கல் கட்டிடம் ஒன்று தென்படுகிறது. அதுதான் க்ரோலர்-முல்லர் மியூசியம்.

வான்கோவின் ஓவியங்கள் மட்டும் இங்கே சுமார் 90. கோட்டோவியங்கள் 180-க்கும் மேல். ஆம்ஸ்டர்டாமில் அவர் பெயரிலேயே உள்ள மியூசியத்தை விட்டால் உலகில் வேறெங்கும் இத்தனை இல்லை. கூடவே சூரா, பிக்காசோ, மோன்ட்ரியன். இவற்றில் பெரும்பகுதி ஒரு குடும்பத்தின் சொத்தாக இருந்தது.

அந்தக் குடும்பத்தின் தலைவி ஹெலன், ஜெர்மனியில் பிறந்தவர். தந்தை விட்டுச்சென்ற தொழிலை வளர்த்தவர் கணவர் அன்டன் க்ரோலர். கப்பல், இரும்புத் தாது, தானியம் என்று வியாபாரம் கொழித்தது. ப்ரெம்மர் என்ற ஆசிரியரிடம் கலை பற்றிப் பாடம் கேட்கப்போன ஹெலன், 1907-லிருந்து படங்கள் வாங்கத் தொடங்கினார். வான்கோவை உலகம் இன்னும் முழுதாக ஏற்காத காலம் அது. 1912-ல் ஒரே பாரிஸ் பயணத்தில் பத்துக்கும் மேற்பட்ட வான்கோ ஓவியங்களை வாங்கினார். 1922-க்குள் ஓவியம், சிற்பம், பீங்கான் என்று சேர்ந்தவை சுமார் 11,500.

1911-ல் உயிருக்கு ஆபத்தான ஓர் அறுவை சிகிச்சை. பிழைத்தால் இவற்றுக்கு ஒரு மியூசியம் கட்டி மக்களுக்கு விட்டுச் செல்வது என்று ஹெலன் முடிவு செய்தார். பிழைத்தார். 1913 முதல் தி ஹேக் நகரில் தன் சேகரிப்பைப் பொதுமக்கள் பார்க்கத் திறந்துவிட்டார்.

முதல் உலகப்போரில் நடுநிலை வகித்த நாட்டில் வியாபாரிகளுக்கு நல்ல லாபம். காட்டுக்குள் பிரம்மாண்டமான மியூசியத்துக்கு வேலை தொடங்கியது. போர் முடிந்ததும் நிறுவனம் ஆட்டம் கண்டது. 1922-ல் கட்டுமானம் நின்றது. பங்குதாரர்களுக்குக் கிடைத்தது நஷ்டம். இந்தக் கூடங்களின் அழகில் மயங்கும்போது, படங்கள் வாங்கிய பணத்தின் கதையையும் மறந்துவிடக்கூடாது.

குடும்பச் சொத்துகள் கடனிலும் பாகப்பிரிவினையிலும் சிதறுவதைப் பார்த்துப் பழகியவர்கள் நாம். இங்கேயும் அதுவே நடந்திருக்கலாம். நடக்காததற்குக் காரணம் ஹெலன் செய்த ஒரு காரியம். படங்கள் கடன்காரர்கள் கைக்குப் போகாதபடி 1928-ல் ஓர் அறக்கட்டளை அமைக்கப்பட்டது. 1935-ல் மொத்தத்தையும் நெதர்லாந்து அரசுக்குக் கொடுத்துவிட்டார்கள். நிபந்தனை, மியூசியம் கட்டவேண்டும் என்பதுதான். தங்களுடையது என்ற உரிமையை விட்டதால்தான் சேகரிப்பு முழுதாக மிஞ்சியது.

பெல்ஜியக் கட்டிடக் கலைஞர் ஹென்றி வான் டி வெல்டே வடிவமைத்த இந்தக் கட்டிடம் 1938-ல் திறக்கப்பட்டது. பெரிய மியூசியம் வரும்வரை தற்காலிகமாக இருக்கட்டும் என்று எழுப்பியது. முதல் இயக்குநர் ஹெலனேதான். மறு ஆண்டு டிசம்பரில் இறந்துபோனார். பெரிய மியூசியம் வரவேயில்லை. 1961-ல் சிற்பத் தோட்டமும் 1977-ல் கண்ணாடிச் சுவர்கள் கொண்ட புதிய பகுதியும் சேர்ந்தன.

இங்குள்ள வான்கோ ஓவியங்களில் ஒன்று, நாற்காலியில் அமர்ந்து இரு கைகளாலும் முகத்தை மூடிக்கொண்டிருக்கும் முதியவர். 1890-ல், ஓவியர் இறப்பதற்குச் சுமார் இரண்டு மாதங்களுக்கு முன் வரைந்தது. கூரைக் கண்ணாடி வழியே இறங்கும் வெளிச்சத்தில் அதன் முன் எத்தனை நேரம் வேண்டுமானாலும் நிற்கலாம். ஒரு காலத்தில் இந்தப் படங்களைப் பார்க்க அந்த வீட்டுக்கு விருந்தாளியாகப் போகவேண்டியிருந்தது. இப்போது டிக்கெட் போதும்.