அரிப்பு அடங்கினால் ஆறிவிட்டதா?

மூன்று வருடங்களுக்கு முன் ஒரு கத்திரி வெயில் காலம். இடுப்பில், அரைஞாண் கயிறு படுகிற இடத்தில், ஒரு ரூபாய்க் காசு அளவுக்கு வட்டமாகச் சிவந்து அரிக்கத் தொடங்கியது. எங்கள் பள்ளிப்பட்டில் கோடை என்றால் வியர்வைக்குப் பஞ்சமில்லை. வேர்க்குரு, படை எல்லாம் எல்லார் வீட்டிலும் உண்டு. இதற்காகத் திருத்தணிக்குப் பஸ் ஏறி டாக்டரைப் பார்க்க வேண்டுமா என்று நினைத்தேன்.

மருந்துக் கடைக்குப் போய், "அரிப்புக்கு நல்ல க்ரீமா ஒண்ணு குடுப்பா" என்றேன். பையன் ஒரு ட்யூபை எடுத்துக் கொடுத்தான். அவன் சீட்டு கேட்கவில்லை, நானும் பெயரைப் படிக்கவில்லை.

இரண்டே நாளில் அரிப்பு போய்விட்டது. சிவப்பும் மங்கியது. எனக்குப் பெருமை தாங்கவில்லை. என் மனைவிக்குக் கன்னத்தில் மங்கு இருந்தது. "இதைப் போட்டுப் பாரு, கை கண்ட மருந்து" என்று அதே ட்யூபை அவளிடமும் கொடுத்தேன். இந்தக் கட்டுரையை எழுதுவதே அந்த ஒரு வாக்கியத்துக்காகத்தான்.

க்ரீமை நிறுத்தினால் பத்து நாளில் எனக்கு அரிப்பு திரும்பி வந்தது. மறுபடி தடவினேன், அடங்கியது. மறுபடி வந்தபோது வட்டம் உள்ளங்கை அளவுக்குப் பெரிதாகித் தொடை வரை இறங்கியிருந்தது. ஒரே துண்டைப் பயன்படுத்தியதால் பேரனுக்கும் கழுத்தில் வந்துவிட்டது.

மனைவியின் கதை வேறு. முதல் மாதம் முகம் பளிச்சென்று ஆனது. அக்கம்பக்கத்தில் "என்ன போடறீங்க?" என்று விசாரித்தார்கள். நாலாவது மாதம் கன்னம் சிவந்தது. வெயிலில் நின்றாலும் அடுப்படியில் நின்றாலும் எரிந்தது. பருவும், தாடையில் பூனை முடியும் வந்தன. "என்னங்க, ரெண்டு நாள் போடலைன்னா நெருப்பா எரியுது" என்றாள். போட்டால்தான் அடங்கும் என்று மேலும் போட்டாள். அந்த வருடம் என் தம்பி மகன் கல்யாணத்தில் போட்டோ எடுக்கக் கூப்பிட்டபோது, தலைவலி என்று சொல்லி மேடைக்கே வரவில்லை. அன்றுதான் எனக்கு உறைத்தது.

மறுநாளே மூவரும் தோல் டாக்டரிடம் போனோம். "ஐயா, இதுவரைக்கும் என்ன மருந்து போட்டீங்க?" என்று அந்த அம்மா கேட்டார். பற்பசை மாதிரிச் சுருட்டி வைத்திருந்த ட்யூபைச் சட்டைப் பையிலிருந்து எடுத்துக் கொடுத்தேன். பொடி எழுத்தைக் காட்டினார். க்ளோபெட்டசால், கூடவே ஒரு பூஞ்சை மருந்து, ஒரு கிருமி மருந்து, மூன்றும் ஒரே ட்யூபில். க்ளோபெட்டசால் என்பது தோலில் பூசும் ஸ்டீராய்டுகளிலேயே மிகவும் வீரியமானது.

என் தோலைக் கொஞ்சம் சுரண்டி மைக்ராஸ்கோப்பில் பார்த்தார். படர்தாமரை, அதாவது பூஞ்சை. "சிவப்பும் அரிப்பும் உங்க உடம்பு பூஞ்சையோட சண்டை போடறதால வருது. ஸ்டீராய்டு அந்தச் சண்டையை நிறுத்திடும். உங்களுக்கு நிம்மதி, பூஞ்சைக்குக் கொண்டாட்டம்" என்றார். கூடவே பூஞ்சை மருந்து இருந்தும் இதுதான் நடந்தது.

இது எங்கள் வீட்டுக் கதை மட்டுமல்ல. முகத்தில் தோல் கோளாறோடு வந்த 2926 பேரை இந்தியாவில் பல ஊர்த் தோல் மருத்துவர்கள் சேர்ந்து விசாரித்து 2011-ல் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். அதில் 433 பேர், அதாவது ஏழில் ஒருவர், ஸ்டீராய்டு க்ரீம் தடவிக்கொண்டிருந்தவர்கள். 2018-ல் மத்திய சுகாதார அமைச்சகம் இத்தகைய 14 ஸ்டீராய்டு க்ரீம் வகைகளை டாக்டர் சீட்டு இல்லாமல் விற்கக் கூடாது என்று அறிவித்தது. சட்டம் இருக்கிறது. கேட்டு வாங்க நம்மைப் போன்றவர்களும் இருக்கிறோம்.

அதற்காக ஸ்டீராய்டு என்றாலே விஷம் என்று ஓட வேண்டாம். கரப்பானுக்கும் ஒவ்வாமைத் தடிப்புக்கும் 1952 முதல் பூசப்பட்டு வருகிற அருமையான மருந்து அது. டாக்டர் எனக்கு விளக்கியதை அப்படியே எழுதுகிறேன்:

முதலில் பெயரைப் படியுங்கள். க்ளோபெட்டசால், பீட்டாமெத்தசோன், மொமெட்டசோன் என்றிருந்தால் ஸ்டீராய்டு. ஹைட்ரோகார்ட்டிசோன் லேசானது, ஆனால் அதுவும் ஸ்டீராய்டுதான். அட்டையில் சிவப்புக் கோடு இருந்தால் சீட்டில்லாமல் வாங்காதீர்கள்.

அளவு முக்கியம். ஆள்காட்டி விரலின் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை ஒரு கோடாகப் பிதுக்கினால் சுமார் அரை கிராம். விரல்களோடு சேர்த்து இரண்டு உள்ளங்கை அகலத்துக்கு அது போதும். மெல்லியதாகப் பூச வேண்டும், அப்பக் கூடாது.

இடமும் முக்கியம். முகம், அக்குள், தொடையிடுக்கு ஆகிய இடங்களில் தோல் மெல்லியது, மருந்து அதிகம் உள்ளே இறங்கும். கண்ணருகே தொடர்ந்து பூசினால் கண்ணில் அழுத்தம் கூடலாம், புரையும் வரலாம். நிறைய இடத்தில், நிறைய நாள் பூசினால் சர்க்கரை கூட ஏறலாம். நம் வயதில் தோல் ஏற்கெனவே காகிதம் மாதிரி, இன்னும் மெலிந்துவிடும்.

எத்தனை நாள் என்று கேட்டு எழுதி வாங்குங்கள். வீரியமானதை டாக்டர் சொல்லாமல் இரண்டு வாரத்துக்கு மேல் போடக் கூடாது. மாதக்கணக்கில் போட்டுவிட்டவர்கள் தாமாகத் திடீரென்று நிறுத்தாமல் டாக்டரைக் கேட்டுக் குறைக்க வேண்டும். ஒருவர் ட்யூபை இன்னொருவர் தொடவே கூடாது.

எனக்கும் பேரனுக்கும் பூஞ்சை மருந்தோடு, ஆளுக்கொரு துண்டு, துணியை வெந்நீரில் அலசி வெயிலில் காய வைப்பது என்று சில வாரங்கள் போயின. பழைய அரைஞாண் கயிற்றையும் அறுத்துப் போட்டேன். சரியாகிவிட்டது.

மனைவிக்குச் சிவப்பு இறங்க எட்டு மாதம் ஆயிற்று. கன்னத்தில் மெல்லிய சிவப்பு நரம்புகள் மட்டும் இன்னும் இருக்கின்றன. மங்கும் திரும்பி வந்துவிட்டது. "மங்கு இருந்தா இருந்துட்டுப் போகட்டும், எரியாம இருக்குதே, அது போதும்" என்கிறாள். ஒரு நாளும் என்னைக் குறை சொன்னதில்லை. அதுதான் எனக்கு இன்னும் கஷ்டமாக இருக்கிறது.

உங்கள் வீட்டு அலமாரியில் பாதி சுருட்டிய ட்யூப் ஏதாவது இருக்கும். கண்ணாடியைப் போட்டுக்கொண்டு இன்றைக்கே அதன் பெயரைப் படித்துவிடுங்கள்.