ஒரே தாளில் இரண்டு கதைகள்

பதினாறு பக்கச் சித்திரப் புத்தகம் என்பது அச்சகத்தில் ஒரே ஒரு தாள். இருபதுக்கு முப்பது அங்குலத் தாள் இரு பக்கமும் அச்சாகி, மூன்று முறை மடிந்து, நடுவில் இரண்டு பின் வாங்கி, மூன்று ஓரமும் வெட்டுப்பட்டால் பிள்ளையின் கைக்குப் போகலாம். சிவகாசியில் எனக்கு இதைச் சொல்லிக்கொடுத்தவர் தலை நரைத்த ஒரு மெஷின் மேன். மேஜை மேல் ஒரு வெற்றுத் தாளை மடித்து, பக்க எண்களைப் பென்சிலால் எழுதி, மறுபடி விரித்துக் காட்டினார்.

"யானைய நாலு, அஞ்சாம் பக்கத்துல நிறுத்தாதீங்க டீச்சர். புத்தகத்துலதான் ரெண்டும் பக்கத்துல பக்கத்துல இருக்கு. தாள்ல ஒண்ணு நேரா கிடக்கு, இன்னொண்ணு தலைகீழா கிடக்கு. மடிப்பு ஒரு நூல் தள்ளிப்போச்சுன்னா தும்பிக்கை ஒடிஞ்சிரும். எட்டும் ஒன்பதும்தான் ஒட்டிப் பிறந்தது. பெரிய படத்த அங்க வைங்க. அங்கயும் நட்டநடுவுல முகம் வேண்டாம், பின் குத்தும்."

கதையின் உச்சம் எந்தப் பக்கத்தில் வரவேண்டும் என்று எழுத்தாளர்கள் நாங்கள் கூடிக்கூடிப் பேசுகிறோம். அந்தப் பேச்சில் பாதிக்கு இந்த மடித்த தாள் விடை வைத்திருக்கிறது. சிறார் நூல் எழுதுகிற எவரும் ஒருமுறையாவது அச்சகத்தில் ஒரு பகல் முழுக்க நிற்க வேண்டும் என்று நினைக்கிறேன்.

எங்களுடையது சிறிய வட்டம். விருதுநகர், சாத்தூர், கோவில்பட்டிப் பக்கத்து ஆட்கள். ஆசிரியர்கள், ஓவியர்கள், வங்கி வேலையில் இருப்பவர்கள். குழந்தைகளுக்கு எழுதுகிறவர்கள் ஒன்றுசேர்வது தமிழுக்குப் புதிதல்ல. 1950இல் அழ. வள்ளியப்பா முன்னின்று தொடங்கிய குழந்தை எழுத்தாளர் சங்கம் இருந்தது. 2021இல் தமிழ்நாடு சிறார் எழுத்தாளர் கலைஞர்கள் சங்கம் தொடங்கப்பட்டது. அதன் தலைவராகப் பொறுப்பேற்ற உதயசங்கர் கோவில்பட்டிக்காரர், 'ஆதனின் பொம்மை' நாவலுக்காக 2023இல் சாகித்திய அகாதெமியின் பால சாகித்திய புரஸ்கார் பெற்றவர். அவ்வளவு பெரிய ஏற்பாடு எங்களிடம் இல்லை. ஒரே ஒரு வழக்கம் இருக்கிறது: ஊர்களுக்குக் கதை சொல்லப் போகும்போது யாரும் தன் புத்தகத்தைக் கொண்டுபோகக் கூடாது. நண்பருடையதைத்தான் வாசிக்க வேண்டும். தன் புத்தகத்தைத் தானே புகழ்கிறவருக்கு நாக்கு கூசும். நண்பருடைய புத்தகத்தை எத்தனை பேரிடமும் உரக்கச் சொல்லலாம். வாசித்துக் காட்டினால்தான் அதில் எந்த இடம் நொண்டுகிறது என்றும் தெரிகிறது.

செலவையும் அப்படித்தான் பகிர்கிறோம். நான்கு வண்ணம், தாளுக்கு இரு பக்கம், எட்டு பிளேட். ஐந்நூறு பிரதி அடித்தாலும் ஐயாயிரம் அடித்தாலும் அந்த எட்டு பிளேட்டின் காசு மாறாது. ஐந்நூறு பிரதிக்காரர் தனியாக நின்றால் புத்தகத்தின் விலை பிள்ளைகளுக்கு எட்டாத உயரத்துக்குப் போய்விடும். அதனால் முப்பதுக்கு நாற்பது தாள் ஓடும் பெரிய மெஷினில் இரண்டு பேருடைய புத்தகங்களை ஒரே தாளில் ஏற்றுகிறோம்.

இதில் ஒரு சங்கதி உண்டு. மெஷினில் தாள் ஓடும் திசையில் ஒரே நேர்கோட்டில் வரும் படங்களுக்கெல்லாம் மை ஒரே அளவில்தான் இறங்கும். ஒருவர் கதையில் அமாவாசை இரவு, அதே கோட்டில் அடுத்தவர் கதையில் வெளிறிய காலை வானம் என்றால், இரவுக்கு மையைக் கூட்டினால் வானம் அழுக்காகும். வானத்துக்காகக் குறைத்தால் இரவு சாம்பல் பூத்துவிடும். ஆகவே இரண்டு எழுத்தாளர்களும் இரண்டு ஓவியர்களும் முன்கூட்டியே உட்கார்ந்து, யாருடைய இரவு எந்தப் பக்கத்தில் வருகிறது என்று பேசிக்கொள்ள வேண்டியிருக்கிறது. கூட்டங்களில் ஒருவரை ஒருவர் பாராட்டிக்கொள்வதைவிட இந்தப் பேச்சில் எங்களுக்குள் நெருக்கம் கூடியிருக்கிறது.

நான் போயிருந்த அன்று மெஷின் மேன் லென்ஸைக் கண்ணில் வைத்து ஒரு சிறுமியின் முகத்தை நெடுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார். கரிசல்காட்டுப் பிள்ளை, கருத்த நிறம். "கருப்பக் கூட்டினா சேறாயிரும் டீச்சர்" என்றார். சிவப்பையும் மஞ்சளையும் ஏற்றி நீலத்தைக் கொஞ்சம் தொட்டு, தாளை உருவிப் பார்த்து, மறுபடி ஏற்றினார். எத்தனையோ வருடங்களாக நீலக் கண்ணனையும் ரோஜா நிற லட்சுமியையும் காலண்டரில் அடித்த கை அது. நம் தெருப் பிள்ளையின் நிறத்தை அதன் மினுக்கோடு எடுக்க அவர் எடுத்துக்கொண்ட பொறுமைக்கு நான் கடமைப்பட்டிருக்கிறேன்.

எழுத்து கருப்பு பிளேட்டில் மட்டும் இருக்க வேண்டும் என்பதும் அவர் பாடம்தான். வண்ணத்தின் மேல் வெள்ளை எழுத்து கேட்கும் ஓவியர்கள் உண்டு. நான்கு வண்ணமும் மயிரிழை விலகாமல் உட்கார்ந்தால் அழகு. கொஞ்சம் விலகினால் முதலில் அடைபடுவது மெய்யெழுத்தின் புள்ளி. இப்போதுதான் எழுத்துக் கூட்டும் பிள்ளை 'க்' இருக்க வேண்டிய இடத்தில் 'க' என்று வாசித்துத் திணறும்.

சிவகாசிக்குப் படம் புதிதா என்ன? 1920களின் தொடக்கத்தில் ஐய நாடாரும் சண்முக நாடாரும் கல்கத்தா போய்த் தீப்பெட்டித் தொழிலைக் கற்று வந்தார்கள். தீப்பெட்டிக்கு லேபிள் வேண்டும், லேபிளுக்கு அச்சகம் வேண்டும். நாடகத் திரை வரைந்த கொண்டையராஜு கோவில்பட்டியில் தங்கி, சீடர்களோடு வரைந்த தெய்வப் படங்கள் இங்கே அச்சாகித் தமிழ்நாட்டுச் சுவர்களுக்கெல்லாம் போயின. 1972இல் முத்து காமிக்ஸ் இரும்புக்கை மாயாவியோடு புறப்பட்டதும், 1984இல் லயன் காமிக்ஸ் வந்ததும் இதே சிவகாசியிலிருந்துதான். நாடு முழுக்கப் படம் அனுப்பிய ஊர். ஆனால் இங்கே ஒரு தலைமுறைப் பிள்ளைகள் விடியுமுன் வந்த தொழிற்சாலைப் பேருந்தில் ஏறி, பள்ளிக்கூடம் போகாமல் தீப்பெட்டி ஒட்டப் போனார்கள். சலம் பென்னூர்கர் 1990இல் எடுத்த 'குட்டி ஜப்பானின் குழந்தைகள்' ஆவணப்படத்தில் அவர்களைப் பார்க்கலாம். சிவகாசிக் குழந்தைத் தொழிலாளர் வழக்கில் உச்ச நீதிமன்றத் தீர்ப்பு வர 1996 டிசம்பர் ஆனது.

அந்தப் பிள்ளைகள் இன்று அம்மாக்கள், இளம் பாட்டிகள். வெம்பக்கோட்டைப் பக்கத்தில் ஒரு பட்டாசுக் கிராமத்துக் கோயில் திண்டில் சாயங்காலம் நாங்கள் உட்கார்ந்தால், பிள்ளைகளுக்குப் பின்னால் அவர்களும் வந்து நிற்கிறார்கள். அச்சடித்த தாள் அவர்கள் கைக்குப் பழசுதான். வெடிக்குக் குழாய் உருட்டும் பழைய தாளாக. தீபாவளிக்கு மறுநாள் வாசல் குப்பையில் கிடக்கும் தாள் துணுக்குகளில் பாதிப் பாடமும் பாதிக் கணக்கும் படித்தவர்கள் நாம் எல்லாரும். அந்தத் தாள் முழுசாக, படத்தோடு, தன் பிள்ளையின் மடியில் இருப்பதைப் பார்க்கும்போது ஓர் அம்மா குனிந்து, விரல் வைத்து எழுத்துக் கூட்டுகிறார். பிள்ளை அவரைத் திருத்துகிறது. அவர் சிரித்துக்கொண்டே அடுத்த எழுத்துக்குப் போகிறார்.

அச்சுக்குப் போகுமுன் மாதிரிப் பிரதியை இங்கேதான் வாசித்துப் பார்க்கிறோம். பட்டாசு ஆலையில் வேலை செய்யும் அம்மாவைப் பற்றிய நண்பர் ஒருவரின் கதைக்கு வெளியூர் ஓவியர் படம் போட்டிருந்தார். நான் பக்கத்தைத் திருப்பியதும் முன்வரிசைப் பையன் எழுந்துவிட்டான்.

"டீச்சர், மருந்து ரூமுக்குள்ள செருப்பு போடக் கூடாது."

"வேற என்ன தப்பு?"

"ஏழு பேரு உக்காந்திருக்காங்க. நாலு பேருக்கு மேல இருக்கக் கூடாதுன்னு எங்கம்மா சொல்லும்."

பக்கத்துச் சிறுமி சேர்த்துக்கொண்டாள்: "அந்தப் பளபளா சேலையும் கட்டக் கூடாது. நூல் சேலைதான்." வெடிமருந்து விதிகளை வீட்டுப் பேச்சிலேயே கற்றிருக்கிறார்கள். முதலிப்பட்டி பட்டாசு ஆலையில் 2012 செப்டம்பர் 5 அன்று நடந்த வெடிவிபத்தை மறக்க முடியாத ஊர்கள் இவை. அந்த அக்கறை பிள்ளைகள் வரை இறங்கியிருப்பதில் வியப்பில்லை. ஓவியர் மூன்று பேரை எடுத்துவிட்டு, செருப்புகளை வாசலுக்கு வெளியே வரைந்து அனுப்பினார். படம் முன்னைவிட நன்றாக இருந்தது; வாசலில் நாலு ஜோடி செருப்பு, உள்ளே நாலு பேர். சின்னப் பிள்ளைகள் எண்ணிப் பார்க்கிறார்கள்.

பைண்டிங் பகுதியில் வேலை முழுக்கப் பெண்கள். உருப்படிக்கு இவ்வளவு என்று கூலி; கை நின்றால் காசு நின்றுவிடும். ஆனாலும் சில புத்தகங்களில் கை ஒரு கணம் நிற்கிறது. எந்தப் பக்கத்தில் நின்றது என்று எந்த எழுத்தாளரும் அவர்களைக் கேட்பதில்லை. கேட்க வேண்டும், அச்சான புத்தகத்தின் முதல் வாசகர்கள் அவர்கள்தான். அன்று ஓர் அக்கா, மூலை மடிந்த ஒரு பிரதியைக் காட்டி, "வேஸ்ட்டுல போறதுதான, இத எம் பேரனுக்கு எடுத்துக்கிடவா?" என்றார். அதன்பின் எங்கள் வட்டத்தில் பேசி முடிவெடுத்தோம். கட்டு கட்டியதும் முதல் பிரதிகள், மூலை மடியாத நல்ல பிரதிகள், அந்தப் பகுதிக்கே போகின்றன. பதினாறாம் பக்கத்தில் எழுத்தாளர், ஓவியர் பெயர்களுக்குக் கீழே மெஷினில் நின்றவர், மடித்தவர், பின் அடித்தவர் பெயர்களையும் அவர்கள் சம்மதத்தோடு போடுகிறோம். விலையைக் கூட்டாத காரியம். கருப்பு பிளேட்டில் இன்னும் இரண்டு வரி.

அடுத்த தாளுக்கு இரண்டு கதைகள் தயார். ஒன்று கிணற்றுக்குள் விழுந்த நிலாவைப் பற்றியது, மற்றது கரிசலில் ஒரு சித்திரை நண்பகல். ஆடிப்பெருக்கன்று புதுக் காலண்டர் ஆல்பங்கள் வெளியாகிவிட்டால் தை வரை மெஷின்கள் நமக்குக் கிடைக்காது. ஆனிக்குள் பிளேட் போட்டாக வேண்டும். நிலாக் கதையின் ஓவியர் கோவில்பட்டி, நண்பகல் கதையின் ஓவியர் விருதுநகர். இருவரையும் சாத்தூரில் உட்காரவைத்துப் பக்கங்களை அடுக்கவிருக்கிறோம். மெஷின் மேனையும் கூப்பிட்டிருக்கிறோம். ஞாயிற்றுக்கிழமை என்றால் வருவதாகவும், மடித்துக் காட்ட வெற்றுத் தாள் கொண்டுவருவதாகவும் சொல்லியிருக்கிறார்.